எலுமிச்சம்பழம் நசுங்காத கார்

என் கணவர் பாமாயில் எடுக்கும் செம்பனைப் பழ லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கியதும், இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதாமாதம் ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணைக் காட்டாவிட்டால் மிச்சப் பார்வையும் போய்விடும். அதற்காகத்தான் ஐம்பது வயதுக்கு மேல் நான் லைசென்ஸ் எடுத்தேன். மேட்டில் நிறுத்திய காரை, ஹேண்ட்பிரேக்கை விட்டு, பின்னால் உருளாமல் ஏற்ற வேண்டிய ‘புக்கிட்’ சோதனையில் தோற்றுத் தோற்றுத்தான் தேறினேன்.

மனிதருக்கு அது பொறுக்கவில்லை. “நீ ஓட்ட, நான் பக்கத்துல பொம்மையாட்டம் குந்தியிருக்கணுமா? ஒன் காருல ஏறமாட்டேன்லா!” என்றார். வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு.

புதுக் காருக்குப் பூசை, சுங்காய் ஊர்ப் பக்கம் எங்கள் பழைய தோட்டத்து அம்மன் கோயிலில். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. கோயில் மேடு மட்டும் அப்படியே இருக்கிறது. கார் விற்றவர் அங்கேயே கொண்டுவந்து நிறுத்திக்கொடுத்தார். பூசாரி நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். ஒரு முழம் உருண்டால் பழம் நசுங்கிவிடும். ஒரு முழத்துக்கு எதற்கு பெல்ட் என்று, பட்டுச்சேலை கசங்காமல் அப்படியே உட்கார்ந்தேன்.

மிதித்தேன். கார் உறுமியது, நகரவில்லை.

“நல்லா எண்ணெ மிதிக்கா!” என்று, ஆக்சிலரேட்டரை அழுத்தச் சொல்லிக் கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். மிதித்தேன். பின்பக்கம் பம்மியதே தவிர பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. “சகுனம் சரியில்ல. அம்மனுக்கே இஷ்டமில்ல போல,” என்று என் நாத்தனார் என் காதில் விழும்படியே சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது பக்கத்துக் கதவு திறந்தது. என் கணவர் தட்டுத்தடவி ஏறி உட்கார்ந்தார். “ஹேண்ட்பிரேக்க எறக்குனியா?” என்று இரண்டு சீட்டுக்கும் நடுவே கையை விட்டுத் துழாவினார். அங்கே லீவர் ஏது, ஒரு பொத்தான்தான் இருந்தது. “என்னா காருடி இது, புடிச்சு இழுக்க ஒண்ணுமே இல்ல!”

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது எனக்கு. அவருக்கு பெல்ட் மாட்டிவிட்டேன். அதே கையோடு நானும் மாட்டிக்கொண்டு மிதித்தேன். பிடி விட்டு கார் நகர்ந்தது. பழங்கள் சளக்கென்று நசுங்கின.

“பாத்தீங்களா, நான் ஏறுனாத்தான் ஓடுது!” என்று ஊருக்கே கேட்கக் கத்தினார்.

விஷயத்தைக் கார் விற்றவர் பிறகு போனில் விளக்கினார். பழைய காரில் லீவரை இழுத்தால் அடியில் ஒரு கம்பி இழுபட்டு, பின்சக்கரத்துப் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இந்தக் காரில் அந்த வேலையைச் சின்ன மோட்டார் செய்கிறது. ஓட்டுகிறவர் பெல்ட் மாட்டிக்கொண்டு மிதித்தால் தானே பிடியை விடும். மாட்டாவிட்டால் விடாது, பொத்தானை அமுக்க வேண்டும்.

இவரிடம் நான் ஏன் சொல்லப்போகிறேன்? ஆஸ்பத்திரி நாளில் எனக்கு முன்பே சட்டையை மாட்டிக்கொண்டு கார் பக்கத்தில் நிற்கிறார்.

“சீக்கிரம் வாலா. நான் ஏறாட்டி ஒன் காரு நகராது.”

“நகராதுங்க,” என்று சொல்லி, முதலில் அவருக்கு பெல்ட்டை மாட்டுகிறேன்.