கல்யாணத்துக்கு முன்னால் வைத்த சொதி

எங்கள் மெஸ்ஸின் போர்டில் ‘திருநெல்வேலி வீட்டுச் சாப்பாடு’ என்று எழுதியிருக்கும். நான் ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டில் பிறந்து, அதே வடக்குப்பட்டில் இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். போர்டு மாட்டிய நாளில் திருநெல்வேலி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. கம்பெனி பஸ் ஓட்டும் என் வீட்டுக்காரர்தான் அப்படி எழுதச் சொன்னார். “வடக்குப்பட்டு சாப்பாடுன்னு போட்டா எவன் வருவான்? பசங்க எல்லாம் அந்தப் பக்கத்து ஆளுங்க. அவுங்க ஊரு பேரப் போடு” என்றார். சரி என்று தலையாட்டினேன். இன்றைக்கும் அந்தப் போர்டைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

எங்கள் ஒருத்தரைச் சொல்லி என்ன? ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்று போர்டுகளைப் பாருங்கள். மதுரை இருக்கிறது, காரைக்குடி இருக்கிறது, திண்டுக்கல், தஞ்சாவூர், ஆந்திரா, கேரளா எல்லாம் இருக்கிறது. ஒரகடம் மட்டும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் இதே கதைதான். கோயிலுக்கு வருகிறவர்கள் பிரசாதப் புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இந்த மண்ணில் யாரும் அடுப்பே மூட்டியதில்லை என்கிற மாதிரி நாங்களே போர்டு மாட்டிவிட்டு, “இந்த ஊர்ல என்ன இருக்கு?” என்று வருகிறவன் கேட்டால் எங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது.

அந்தக் கேள்வி என் காதில் விழாத நாள் கிடையாது. மெஸ்ஸுக்கு வரும் பையன்கள் எல்லோரும் தெற்கத்திக்காரர்கள். ரூம் எடுத்துத் தங்கி, ஷிப்ட் முடிந்து வந்து, இலையில் கை வைத்ததும் ஆரம்பிப்பார்கள். எங்க ஊர்ல சாம்பார் இப்படி இருக்காது. எங்க ஊர்ல தோசை இப்படி இருக்காது. எங்க ஊர்ல ஆத்துத் தண்ணி இனிக்கும். “அந்த ஆத்த ஒரு கொடத்துல மொண்டாந்து இருக்கலாமில்ல?” என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். சிரித்தார்கள். மறுநாளும் அதையேதான் சொன்னார்கள். ஒரு தடவை மட்டும் எங்களுக்குக் கிண்டிய கேழ்வரகுக் களியை அவர்களுக்கும் வைத்தேன். “என்னக்கா, ஜெயில்ல போடுதத போடுதீங்க?” என்றான் ஒருத்தன். அதோடு களி எங்கள் சமையற்கட்டின் பின்பக்கம் போனதுதான், முன்பக்கம் வரவே இல்லை.

அந்தப் பையன்களில் ஒருவன் பல வருஷமாக எங்களிடமே சாப்பிடுகிறவன். கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைனில் வேலை. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவனுக்கு ஊரில் பெண் பார்த்திருந்தார்கள். ஜாதகம் பொருந்தியது, இருவருக்கும் பிடித்தும் இருந்தது. ஆனால் பெண் வீட்டார் ஒரே இடத்தில் நின்றுகொண்டார்கள். அந்த ஊரில் எப்படிக் குடித்தனம் நடத்துவது? பெண்ணின் தாய்மாமன் போனில் ஒரகடம் என்று தேடியிருக்கிறார். கம்பெனி வாசலும், கன்டெய்னர் லாரியும், மழைத்தண்ணீர் நிற்கிற ரோடும்தான் வந்திருக்கிறது. “அது ஊரே கிடையாது, வெறும் கம்பெனி ஏரியா” என்று சொல்லிவிட்டார். பெண் கெட்டிக்காரி. நேரில் வந்து பார்க்கிறேன், இருக்க முடியும் என்று தோன்றினால் வருகிறேன், இல்லாவிட்டால் அவர் வேலையை விட்டுவிட்டு இங்கே வரட்டும் என்று சொல்லி அனுப்பினாள். அங்கே அவனுக்கு இந்த மாதிரி வேலை எங்கே கிடைக்கும்? ஒன்று வேலை போகும், இல்லை பெண் போவாள்.

தோசை ஆறிப்போக உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் சொன்னான். “அக்கா, ஒரு வேளை சாப்பாடு மட்டும் எங்க ஊரு மாதிரி போட்டிருங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்.”

“மத்தது இன்னா கீது நீ பாத்துக்கறதுக்கு? ரோட்ட பெருக்கிடுவியா?”

பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இந்த ஊர் நல்ல ஊர் என்று காட்ட அந்த ஊர்ச் சாப்பாட்டைப் போட வேண்டுமாம். அதில் என்ன நியாயம் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என் போர்டே அப்படித்தானே தொங்குகிறது.

சொதி வைப்பது என்று முடிவு செய்தேன். முன்பொரு தடவை அண்ணன் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, அங்கே சாப்பிட்ட சொதியைப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டு பேசியவன் அவன். அவனிடம் சொல்லாமல் செய்து அசத்தலாம் என்று போனில் வீடியோ பார்த்தேன். தேங்காய்ப் பாலை முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக எடுத்து, காய்களை வேக வைத்து, பாசிப்பருப்பைக் குழைத்து, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்க வேண்டும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். விடியற்காலையிலிருந்து துருவித் துருவித் தோள்பட்டை விட்டுப்போனது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “இன்னா இது, வெள்ளையா கீது? யாருக்கு ஜொரம்?” என்றார். உங்கள் சாப்பாடு பின்கட்டில் இருக்கிறது, அவர்கள் போகிற வரைக்கும் முன்பக்கம் வராதீர்கள் என்று விரட்டிவிட்டேன்.

பெண்ணும் அவள் அம்மாவும் தாய்மாமனும் தாம்பரத்தில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து, கூட்டு ரோட்டில் இறங்கி வந்தார்கள். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தார். தாய்மாமன் வழியில் இருந்த பள்ளத்தையெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். ஊரில் பார்ப்பதற்கு வேறு ஒன்றுமே அவர் கண்ணில் படவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. எங்கள் ஏரி ஒரு பக்கம் நிறைந்து கிடந்தது, அதை ஒரு போட்டோ எடுத்தால் என்ன?

இலை போட்டேன். சோறு வைத்துச் சொதியை ஊற்றினேன். அம்மாவின் கை இலையில் அப்படியே நின்றது. தாய்மாமன் பெண்ணைப் பார்த்தார். பக்கத்து இலையில் இருந்த நம் பையனின் முகம் வெளுத்துவிட்டது.

“மைனி, இது சொதிதானே?” என்றார் அம்மா.

“ஆமாம்மா, உங்க ஊரு சொதியேதான்” என்றேன், பெருமை தாங்காமல்.

“எங்க பக்கம் இது கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டு விருந்துல வைக்கது. பொண்ணு வீட்டுக்காரங்க நாங்க மாப்பிள்ளைக்கு வைக்கணும். இங்க இன்னும் பேச்சே முடியல. அதுக்குள்ள நீங்க எங்களுக்கே வச்சிட்டீய.”

“எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டுத்தான் நம்மளக் கூப்பிட்டிருக்காவ போல” என்றார் தாய்மாமன்.

அவமானத்தில் காது சுட்டது. அடுத்த நிமிஷமே அது கோபமாகிவிட்டது. எத்தனை தேங்காய் என்று சொன்ன அந்த வீடியோக்காரி, எப்போது வைப்பது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கண்ணை மூடிக்கொண்டு ருசியைச் சொன்னவன், அது மறுவீட்டுச் சாப்பாடு என்று சொல்லியிருக்கக் கூடாதா? அவனோ இலைக்குள்ளேயே போய்விடுகிற மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் வேலைக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்து நானே உலை வைத்துவிட்டேன்.

பெண் மட்டும் எழுந்து கை கழுவப் பின்பக்கம் போனாள். போனவள் திரும்பி வரவில்லை. அழுகிறாளோ என்று பயந்துபோய்ப் பார்க்கப் போனேன். அங்கே என் வீட்டுக்காரர், பஸ் ஓட்டிய காக்கிச் சட்டையோடு, தட்டில் களியும் காராமணிக் கத்தரிக்காய்க் குழம்புமாக உட்கார்ந்திருந்தார். இவள் எதிரே நின்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது என்ன?” என்று என்னிடம் கேட்டாள்.

“கேவுரு களிம்மா. அது உங்களுக்கு ஆவாது. நாங்க துன்றது.”

“நீங்க சாப்பிடுதத பின்னால ஒளிச்சு வச்சிட்டு, எங்க ஊரு சாப்பாட்ட எங்களுக்கே போட்டா, நாங்க இம்புட்டுத் தூரம் எதுக்கு வரணும்? இந்த ஊரப் பாக்கத்தானே வந்தோம்.”

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை தேங்காய் துருவியிருப்பேன், நன்றி கெட்டவள் என்று நினைத்தேன். அவள் அதற்குள் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் ஓர் உருண்டை வைத்துக் குழம்பை ஊற்றினேன். எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

“மெல்லாத. கொழம்புல தோச்சி அப்டியே முழுங்கு. மென்னா பல்லுல ஒட்டிக்கும்.”

கேட்டுக்கொண்டு மறுபடியும் மென்றாள். “நல்லாத்தான் இருக்கு. உப்புதான் கொஞ்சம் கொறவு” என்றாள். என் சமையற்கட்டில், நான் வாழ்க்கை முழுக்கக் கிண்டிய களியில், வந்த அன்றைக்கே உப்புக் குறைவாம்! சண்டை போட வாயைத் திறந்தபோது அம்மாவும் வந்துவிட்டார். மகளின் தட்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்துச் சாப்பிட்டார். காராமணி எங்கே வாங்கியது என்று கேட்டார். கொல்லையில் காய்த்தது என்றதும் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். கொல்லைக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரி வந்துவிட்டாள், பிறகு எதிர்வீட்டுக்காரி. யார் வீட்டில் யாருக்கு எந்தக் கம்பெனி, யாருக்கு எந்த ஷிப்ட் என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. முன்பக்கம் தாய்மாமன் தனியாக உட்கார்ந்து சொதியை முழுக்கச் சாப்பிட்டு முடித்திருந்தார்.

அவர்கள் போன பிறகு பதில் வருகிற வரைக்கும் பையன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. கடைசியில் பெண்ணின் அம்மாவே எனக்குப் போன் செய்தார்.

“ரோடு சரியில்ல, தண்ணி சரியில்ல, எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் வந்தோம் மைனி. ஆனா எம்மவ சொல்லுதா, அங்க கம்பெனி மட்டும் இல்லம்மா, அடுப்பு வச்சு ஆக்கித் திங்க மனுசங்களும் இருக்காங்கன்னு. அவ வாராளாம்.”

போனை வைத்துவிட்டு அழுதேன். பிறகு, இதைக் காட்டுவதற்கு ஒரு சொதி கெட வேண்டியிருந்ததே என்று கோபமும் வந்தது.

கல்யாணத்துக்கு நாங்கள் போனோம். திருநெல்வேலியை முதன்முதலில் அப்போதுதான் பார்த்தேன். மறுநாள் மறுவீட்டு விருந்தில் இலையில் சொதி விழுந்தது. ஒரு வாய் வைத்ததும் தெரிந்துவிட்டது, அன்றைக்கு நான் வைத்தது சொதியே இல்லை. ஒருத்தர்கூட அதைச் சொல்லவில்லை. அந்தத் தாய்மாமன் அதை எப்படித்தான் தின்று தீர்த்தாரோ!

இப்போது எங்கள் கடைக்காரர்கள் கூட்டம் போட்டு, ஊர்ப் பேர் வெளியே தெரிய வேண்டும் என்று பேசுகிறார்கள். ரோட்டோரம் ‘ஐ லவ் ஒரகடம்’ என்று பெரிய எழுத்து வைத்தால் எல்லோரும் நின்று போட்டோ எடுப்பார்களாம். போட்டோ எடுத்துவிட்டு எங்கே போய்ச் சாப்பிடுவார்கள் என்று கேட்டேன். மதுரை மெஸ்ஸுக்குப் போவார்கள் என்று கூச்சமில்லாமல் சொன்னார் ஒருத்தர். அன்றைக்கே வீட்டுக்கு வந்து, இனி ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் களிதான் என்று சொல்லிவிட்டேன். பையன்கள் குதித்தார்கள். குதிக்கட்டும் என்று விட்டேன். போர்டை மாற்றச் சொன்னால் மட்டும் என் வீட்டுக்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று நாளைக் கடத்துகிறார்.

அந்தப் பெண் எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறாள். செல்போன் தயாரிக்கிற கம்பெனியில் வேலை. ரோட்டைத் திட்டுவாள், தண்ணீரைத் திட்டுவாள், லாரி ஹாரனைத் திட்டுவாள். என் களியில் உப்பைத் திட்டுவதை இன்னும் நிறுத்தவில்லை. சில சமயம் இவளை ஏன்டா கொண்டுவந்தோம் என்று இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை தெற்கத்திப் பையன் ஒருவன் புதிதாகச் சாப்பிட வந்தான். தட்டில் களியைப் பார்த்தான், வெளியே போய்ப் போர்டைப் பார்த்தான், திரும்பி வந்தான்.

“திருநெல்வேலின்னு போட்டிருக்கு, களியப் போடுதீங்க? நெசமாவே நீங்க திருநெல்வேலியா?”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், ஷிப்ட் முடிந்து வந்து ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண், கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு தொங்க, நிமிர்ந்து பார்த்தாள்.

“இல்ல. நாங்க வடக்குப்பட்டு. களிய மெல்லாத, முழுங்கு” என்று அவனை அதட்டிவிட்டு, தன் வாயில் இருந்ததை மென்றுகொண்டிருந்தாள்.