பவுனம்மாளின் இடது தோள்

பாலில் தண்ணி கலந்தியா என்று பவுனம்மாளிடம் கேட்டுவிட்டு, வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் வீடு போய்ச் சேர்ந்தவர் தண்டையார்பேட்டையில் ஒருத்தர்கூடக் கிடையாது. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, சாமி! மாட்டையே வாசலுக்கு ஓட்டிவந்து, உங்கள் கண் முன்னாலேயே உங்கள் சொம்பில் கறந்து கொடுக்கிறவள் அவள். வலது கையில் மாட்டுக் கயிறு, இடது தோளில் வைக்கோல் கன்னுக்குட்டி. செத்துப்போன கன்றின் தோலை உப்புப் போட்டுக் காயவைத்து, உள்ளே வைக்கோல் அடைத்துத் தைத்து, நாலு குச்சியைக் காலாகச் சொருகியது அது. அதை முன்னால் நிறுத்தினால்தான் அவளுடைய பசு சிவப்பி, தன் கன்றுதான் என்று நினைத்து நக்கிக்கொண்டே சுரந்துவிடும். நிறுத்தவில்லையோ, பாலை அடக்கிக்கொண்டு சும்மா நிற்கும். பட்டணத்துப் பால்காரர்கள் பலரும் செய்கிற வேலைதான்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடின காலத்தில், அவள் புருஷனும் ஓடினான். போனவன் போனவன்தான். பவுனம்மாள் அசையவில்லை. "மாட்ட வுட்டுட்டு நான் எங்க போறது? ஜப்பான்காரன் வந்தா அவனுக்கும் பாலு வேணுமில்ல?" என்றாளாம். அந்த வாயும் அந்தத் தைரியமும் வைத்துத்தான், அந்த மாட்டுக்குப் பின்னால், சிவப்பியையும், அதன் பிறகு கருவாச்சி என்கிற எருமையையும் வாங்கினாள். தனிக்கட்டை. அந்த இரண்டு மடியில்தான் அவள் சோறு இருந்தது.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் கொட்டகைக்குப் போனவள், கருவாச்சி செத்துக் கிடக்கக் கண்டாள். முந்தின சாயங்காலம் நன்றாகத் தின்ற மாடு! மூக்கிலிருந்து கறுப்பாய் ரத்தம் வழிந்திருந்தது, உறையவே இல்லை. மார்பில் அடித்துக்கொண்டு தெருவே கூடும்படி அழுதாள். அழுது முடித்ததும், தோலாவது மிஞ்சட்டும் என்று தோல் உரிக்கிறவரைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் வந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பக்கமாக டாக்டர் ஆசீர்வாதத்தின் சைக்கிள் வந்தது.

"கத்திய கீழ போடு! யாரும் கிட்ட போவாதீங்க!"

ஆசீர்வாதம் ராயபுரத்திலேயே பிறந்தவர். வேப்பேரியில் மாட்டு வைத்தியம் படித்து, சண்டையில் பர்மா வரைக்கும் பட்டாளத்துக் கோவேறு கழுதைகளோடு போய்வந்தவர். ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் அவர் டிஸ்பென்சரி. ஜட்கா குதிரை, ரயில்வேக்காரர் நாய், பாய்மார் ஆடு, வண்ணாரப்பேட்டைக் கழுதை, கோழி என்று எல்லாம் வரும். ஒரு தடவை கப்பல்காரன் ஒருத்தன் கிளியைக்கூடக் கொண்டுவந்தான். எது வந்தாலும் முதலில் ஜுரம் பார்ப்பார், ரத்தம் எடுப்பார், அதற்கு அப்புறம்தான் வாயைத் திறப்பார். "பாக்காமயே சொல்றதுக்கு நான் இன்னா குறி சொல்றவனா?" என்பது அவர் அடிக்கடி சொல்லும் பேச்சு.

கருவாச்சியின் காது நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து எடுத்துக்கொண்டார். பவுனம்மாளுக்கு அப்போதுதான் சிவப்பியும் காலையிலிருந்து வைக்கோலைத் தொடவில்லை என்பது உறைத்தது. கயிற்றைப் பிடித்தாள், கன்னுக்குட்டியைத் தோளில் போட்டாள், அவர் சைக்கிளுக்குப் பின்னாலேயே ராயபுரத்துக்கு நடந்தாள்.

டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் கமால் சிவப்பிக்கு ஜுரம் பார்த்தார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். டாக்டர் கண்ணாடித் துண்டுக்கு மருந்து ஊற்றிக் காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். எடுக்கவே இல்லை.

"நவுரு நைனா, நானும் பாக்கறேன். செத்தது என் மாடு," என்றாள் பவுனம்மாள்.

வேறு டாக்டராயிருந்தால் துரத்தியிருப்பார். இவர் நகர்ந்து இடம் விட்டார். "இன்னா தெரியுது?"

"நீலமா குச்சி குச்சியா கீது. மூங்கில வெட்டிப் போட்டாப்ல."

"அதான் அடைப்பான். ஒரே ராத்திரில மாட்ட வாரிக்கினு போயிடும். செத்த ஒடம்ப அறுத்தா மண்ணுல கலந்துடும், வருஷக்கணக்கா சாவாது. ஆழமா குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் பொதைக்கணும்."

"செவப்பிக்கும் அதானா?" என்றாள். சிவப்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

டாக்டர் அதன் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார். "ரத்தத்துல இன்னும் காணோம். ஜுரம் மட்டும் கீது. நேரத்துக்கு வந்துட்டே." பென்சிலினைச் சிவப்பியின் தொடையில் ஏற்றினார். "பொழைக்க வைக்கிறேன். ஆனா இது எங்கேர்ந்து வந்துச்சின்னு தெரிஞ்சாவணும். தெரியலைன்னா, இன்னிக்குப் பொழைச்சது நாளைக்குச் சாவும்."

கேள்வி மேல் கேள்வி கேட்டார். வைக்கோல் எங்கே வாங்கினது? தெருவே வாங்குகிற இடத்தில். தண்ணீர்? தெருவே குடிக்கிற தொட்டியில். அப்படியானால் மற்ற மாடெல்லாம் ஏன் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது? "எல்லாம் அந்த எதிர்வூட்டுக்காரி கண்ணு! கொள்ளிக்கண்ணு!" என்று கத்திவிட்டு, அழுகை முட்டிக்கொண்டு வர, முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தாள். தோள் தெரிந்தது.

டாக்டர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். இடது தோளில், காலணா அகலத்துக்குக் கரிக்கட்டைக் கறுப்பில் ஒரு புண். சுற்றிலும் சின்னச் சின்னக் கொப்புளம்.

"இது இன்னா?"

"இன்னாவோ கட்டி. வலியே இல்ல, அதான் வுட்டுட்டேன்."

"வலிக்காததுதாம்மா பேஜாரு. அந்தத் தோள்ல இன்னா தூக்கற நீ?"

பவுனம்மாள் சுவர்ப்பக்கம் கையைக் காட்டினாள். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு ஜுரத்திலும் சிவப்பி, சுவரோரம் சாத்தியிருந்த வைக்கோல் கன்னுக்குட்டியை எட்டி நக்கிக்கொண்டிருந்தது. கமால் ஒரே தாவலாகத் தாவி அதைக் கோணியில் சுற்றி எடுத்தார்.

"இந்தக் கன்னு எப்படிச் செத்துச்சு?"

"பாம்பு கடிச்சு. ராத்திரி நல்லா துள்ளிகினு இருந்துச்சு. காலைல பாத்தா மூக்குல ரத்தம்..." சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் கருவாச்சியின் மூக்கு ஞாபகம் வந்தது.

"சரி. கருவாச்சி இத நக்குமா?"

"அது ஏன் நக்கப்போவுது?" என்றவள், கோணியைப் பார்த்துவிட்டு மேலே சொன்னாள். "மழைல கன்னு வயிறு ஒட்டிப்போச்சு நைனா. போன வாரம் தையலப் பிரிச்சு, புது வைக்கோல் அடைச்சேன். பழசு வீணா போவுதேன்னு... கருவாச்சிக்குப் போட்டேன். ஐயோ, என் கையாலயே போட்டேனே!"

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆசீர்வாதம் அவளைத் திட்டவில்லை. "பாம்புன்னுதான் எல்லாரும் நெனைப்பாங்க. இப்ப தெரிஞ்சிபோச்சில்ல, செவப்பிய காப்பாத்திடலாம். இத கொளுத்தணும், இப்பவே."

"கொளுத்திட்டா அது பால் வுடாதே! கறவை நின்னுபோனா நான் இன்னாத்த வச்சி அதுக்குத் தீனி போடுவேன்? அடிமாட்டுக்காரனுக்குத்தான் புடிச்சிக் குடுக்கணும்!"

"இத வச்சிகினா மாடும் இருக்காது, நீயும் இருக்க மாட்டே. ஒன் தோள்ல கீறதும் அதே குச்சிதான்னு நெனைக்கிறேன்."

அதற்கும் அவள் அசரவில்லை. "அப்ப எனக்கும் ஒண்ணு போட்டு வுடு. அதே ஊசிதானே?"

கமாலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீ மாடு இல்லம்மா. பெரியாஸ்பத்திரிக்கு நட," என்று அதட்டினார் டாக்டர். ஆனால் அவள் நேரே நடக்கவில்லை. டிஸ்பென்சரி கொல்லையில் கோணியோடு அதை வைத்துக் கிருஷ்ணாயில் ஊற்றி, காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்று, தீக்குச்சியை அவளே கிழித்துப் போட்டாள். உள்ளே சிவப்பி கத்தியது. காதைப் பொத்திக்கொண்டு ஜட்காவில் ஏறினாள். டாக்டரும் கூடவே ஏறிப் போய், ஆஸ்பத்திரியில் எல்லா விவரமும் சொல்லிச் சேர்த்துவிட்டு வந்தார். அன்றைக்கே கருவாச்சியையும் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தாயிற்று.

சிவப்பியின் ஜுரம் இறங்கிற்று. வேளைக்கு வேளை ஊசி, டாக்டர் வீட்டுத் தவிடு. தீனி தின்னத் தொடங்கினது, கண்ணில் களை வந்தது. பால் மட்டும் வரவில்லை. கமால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, மடியை நீவி, குல்லாயைக் கழற்றி வைத்துவிட்டுப் பாட்டுக்கூடப் பாடிப் பார்த்தார். பர்மாவில் கோவேறு கழுதையை அடக்கின ஆசீர்வாதமே கறக்க உட்கார்ந்து பார்த்தார். உதை வாங்கினதுதான் மிச்சம். நாலு பீய்ச்சலுக்கு மேல் ஒரு சொட்டு தேறவில்லை.

பவுனம்மாள் பிழைத்து வந்தாள். தோளில் கறுப்புப் பொருக்கு உதிர்ந்து, பளபளவென்று புதுத்தோல் குழிவாக மூடியிருந்தது. டாக்டர் அதை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சிவப்பியின் ரத்தத்தையும் மறுபடி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "சுத்தம். மருந்தும் நிறுத்தி நாளாச்சு. கறந்தா குடிக்கலாம், கறந்தா." வாசலில் அடிமாட்டுத் தரகர் பீடியோடு குந்தியிருந்தார். எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறார்களோ! பவுனம்மாள் அவரைப் போகவும் சொல்லவில்லை, வரவும் சொல்லவில்லை. வற்றின மாட்டை எத்தனை நாள் கட்டித் தீனி போடுவது? அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

சிவப்பியின் இடது பக்கத்தில் குந்தி, மடியில் தண்ணீர் தெளித்து நீவினாள். சிவப்பி தலையைத் தூக்கி அங்கும் இங்கும் மோந்தது. கன்றைத் தேடுகிறது. பவுனம்மாள் இன்னும் கிட்டே நகர்ந்தாள். "இல்லடி, அது இல்லடி. நான்தான் கீறேன். உன்ன வுட்டுட்டுப் போவலியே, வந்துட்டனே," என்று முணுமுணுத்துக்கொண்டே நீவினாள். சிவப்பி மெல்லத் திரும்பியது. அவள் தலைமயிரை மோந்தது, கழுத்தை மோந்தது, இடது தோளுக்கு வந்தது. தினம் தினம் கன்று படுத்திருந்த இடம். அங்கே நின்றது. பிறகு அந்தத் தழும்பை நக்க ஆரம்பித்தது.

புதுத்தோலில் அந்த முரட்டு நாக்கு பட்டு நெருப்பாய் எரிந்தது. பவுனம்மாள் பல்லைக் கடித்தாள்.

"அசையாதே," என்றார் டாக்டர் மெதுவாக.

அசைவாளா? மடி இறங்கிற்று. விரலுக்கு அடியில் காம்பு நிறைந்தது தெரிந்தது. முதல் பீய்ச்சல் தரையில் விழுந்த சத்தத்தில் அவளுக்குக் குரல் திரும்ப வந்துவிட்டது, ராயபுரம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். "சொம்பு எங்க கமால் பாய்! இன்னா வேடிக்க பாத்துகினு நிக்கிற? அந்தப் பீடிக்காரன எழுந்து போவச் சொல்லு!"

அடுத்த வாரம் தண்டையார்பேட்டைத் தெருவில் சிவப்பியோடு வந்தாள். வலது கையில் கயிறு, இடது தோள் காலி. வாடிக்கைக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்து, "எங்கடி உன் கன்னுக்குட்டி? வெறுங்கையோட வந்தா மாடு எப்படிப் பால் வுடும்?" என்று கேட்டாள்.

"இன்னாக்கா, கண்ணு தெரியலியா?" என்று தோளைத் தட்டிக் காட்டிவிட்டுக் கறக்கக் குந்தினாள் பவுனம்மாள். "இதோ கீறேன்."