எட்டு நட்டும் நான் போடாத கையெழுத்தும்

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில், நான் திருப்பதியில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் ஃபிட்டராக இருந்தேன். சத்தியவேட்டிலிருந்து வரதய்யபாளையம் போகிற வழியில் எங்கள் ஊர். உழுவதற்கு எங்களுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. யுத்தத்தின்போது பட்டாளத்தில் சேர்ந்தேன். லாரி ரிப்பேர், தமிழ் எழுத்து, இங்கிலீஷ் எண்கள் எல்லாம் அங்கே வந்தவைதான். தெலுங்கு நன்றாகப் பேசுவேன். வாசிக்கத் தெரியாது.

யுத்தம் முடிந்து மதராஸில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு டார்க் ரெஞ்சு வாங்கினேன். என் இடுப்பு உயரம் இருக்கும். எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அந்த அளவை அதிலேயே வைத்துக்கொள்ளலாம். நட்டு அந்த இறுக்கத்துக்கு வந்ததும் உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம்; கைப்பிடி லேசாக விட்டுக்கொடுக்கும். அதற்குமேல் திருகக்கூடாது. பஸ் சக்கரத்துக்கு எட்டு நட்டு. ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரில் இருப்பது. பட்டாளத்தில் அப்படித்தான் செய்தோம், எங்கள் லாரிகளில் ஒரு சக்கரமும் கழன்று போனதில்லை.

ஷெட்டில் வேறு வழக்கம். ஸ்பானர் கைப்பிடியில் ஆள் நீளத்துக்கு ஒரு இரும்பு பைப்பைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று குதிப்பார்கள். நட்டு கிறீச்சிட்டால் வேலை முடிந்தது. மேஸ்திரி வேலூர்ப் பக்கத்துத் தமிழர். திருப்பதி ஷெட்டும் சித்தூர் ஷெட்டும் அவர் கையில் இருந்தன. என் ரெஞ்சைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"இன்னாடா, நட்டுக்கு நாடி பாத்துக்கினு கீற? வண்டி கெளம்ப வாணாமா?"

"அளவு வந்தா சத்தம் குடுக்கும் மேஸ்திரி. அதுக்கு மேல இழுத்தா போல்ட்டு நீண்டுக்கும்."

"இரும்பு நீளுதாம். கேட்டுக்குங்கப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். நான் ரெஞ்சை விடவில்லை. திருப்பதியில் என் கைக்கு வந்த சக்கரம் ஒவ்வொன்றையும் அதை வைத்துத்தான் முடுக்கினேன்.

ஒரு கோடைக்காலத்தில் சித்தூரிலிருந்து வந்த பஸ் சந்திரகிரிக்குக் கொஞ்சம் முன்னால் பின்பக்க இடது சக்கரத்தைத் தொலைத்தது. சக்கரம் வண்டியை முந்திக்கொண்டு ஓடி ஒரு கடலைக் கொல்லையில் விழுந்திருக்கிறது. டிரைவர் தெலுங்குக்காரர், நிதானமான மனுஷர். பிரேக்கைத் தொடாமல், வண்டியைத் தரையில் இழுத்தபடியே ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். மலைக்கு மொட்டை போட வந்துகொண்டிருந்த ஓர் அம்மாவுக்குக் கை முறிந்தது. வேறு யாருக்கும் பெரிய அடியில்லை.

மறுநாள் காலையில் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி, மேஸ்திரி, குமாஸ்தா மூவரும் இருந்தார்கள். குமாஸ்தா தெலுங்கில் எழுதிய ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"சும்மா கடுதாசிதான். நடந்தத எழுதிக்கீது," என்றார் மேஸ்திரி. "கையெழுத்துப் போட்டுட்டு வேலைக்குப் போ."

"இன்னா எழுதிக்கீது?"

"படிக்கத் தெரியாதவனுக்கு இன்னா கேள்வி?"

என் நைனா இப்படித்தான் கட்டைவிரல் வைப்பார். கிராம முன்சீப் நீட்டுவார், நைனா வைப்பார். எத்தனை காகிதம், எதற்கு என்று சாகும்வரைக்கும் அவருக்குத் தெரியாது. நான் பேனாவை எடுத்து மூடி மேசையில் வைத்தேன்.

"வேற யாரனா படிச்சுக் காட்டட்டும். அப்பறம் சொல்றேன்."

முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். நான் வெளியே போய், தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்த டிரைவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் காகிதத்தை வாங்கி மனசுக்குள் படித்தார். பிறகு அதை என்னிடம் தராமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சந்தகம் பெட்டொத்து," என்றார். கையெழுத்துப் போடாதே என்று அர்த்தம். "நட்ட நீதான் லூசா உட்டுட்டன்னு நீயே ஒத்துக்கினதா எழுதிக்கீறாங்க. சத்தம் குடுக்கிற ரெஞ்சியாலதான் மோசம்னும் கீது."

 நான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் குடித்திருக்கிறான் என்று சொல்லி வெளியே தள்ளியிருப்பார்கள்.

"இத நான் போட மாட்டேன். அந்த வண்டியோட பின்சக்கரம் ரெண்டுத்தையும் கடசியா எங்க மாட்னாங்கன்னு இவரையே கேளுங்க."

"சித்தூர்ல," என்றார் டிரைவர். "மூணு நாளு முந்தி ரெண்டு டயரும் மாத்துனாங்க. நான் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன். ரெண்டு ஆளு பைப்பு மேல ஏறி குதிச்சாங்க."

மேஸ்திரி, தானும் தமிழர்தான் என்பதை மறந்து, என்னைப் பார்க்காமல் முதலாளியிடம் பேசினார். "எல்லைக்கு அந்தப் பக்கம் போவவேண்டியவன் இவன். இங்க வந்து சட்டம் பேசறான்."

"எந்தப் பக்கம் போனாலும் நட்டுக்கு அளவு ஒண்ணுதான்," என்றேன். "வலது சக்கரம் இன்னும் வண்டியிலதான் கீது. கழட்டிப் பாக்கலாம். என்மேல தப்பிருந்தா நானே எழுதித் தரேன், தமிழ்ல."

முதலாளி எழுந்தார். அது நியாயத்துக்காகவா, பேச்சு முடிந்தால் போதும் என்றா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இழுத்துக்கொண்டு வந்த பஸ் வேப்பமரத்தடியில் நின்றது. இடது பக்கத்தில் ஐந்து போல்ட்டு கழுத்தோடு முறிந்து, மற்ற மூன்றில் மரை உரிந்திருந்தது. வலது சக்கரத்து நட்டுகளைக் கழற்ற இரண்டு பேர் பைப்பில் தொங்க வேண்டியிருந்தது. எட்டையும் கழற்றியதும், ஸ்டோரிலிருந்து புது நட்டும் புது போல்ட்டும் கேட்டு வாங்கினேன். முதலில் புது போல்ட்டில் நட்டை வைத்து இரண்டு விரலால் சுற்றினேன். அடிவரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு அதே நட்டைச் சக்கரத்துப் போல்ட்டில் வைத்தேன். பாதிவரை போய் நின்றுவிட்டது.

"நீங்க சுத்துங்க," என்று முதலாளியிடம் கொடுத்தேன்.

அவர் கைவிரலில் கிரீஸ் பட்டதை அன்றுதான் பார்த்தேன். சுற்றினார். போகவில்லை. அடுத்ததிலும் போகவில்லை. எட்டில் ஆறு அப்படி.

"இரும்பு நீண்டதால மரைக்கு மரை இடைவெளி மாறிப்போச்சு. இந்தச் சக்கரமும் இன்னும் நாலு நாளுல போயிருக்கும். லூசா வுட்டதால இல்ல. எவ்ளோ முடுக்கணும்னு தெரியாம முடுக்குனதால."

சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் போனார். முதலாளி கையைத் துடைத்துவிட்டு, "சரி, வேலையைப் பாருங்க," என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அங்கே யார் வாயிலிருந்தும் வரவில்லை. அந்தக் காகிதத்தை டிரைவர் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். குமாஸ்தா கேட்டதற்கு, "நா தக்கர உண்டனி," என்று சொல்லிவிட்டார். அது தன்னிடமே இருக்கட்டும் என்றார்.

பத்து நாளில் என்னைச் சித்தூருக்கு மாற்றினார்கள். தண்டனை என்று எல்லாருக்கும் தெரியும். கம்பெனி பஸ்ஸில் ரெஞ்சை மடியில் போட்டுக்கொண்டு போனேன். அங்கே போனதும் செய்த முதல் வேலை, அவர்கள் ஏறிக் குதிக்கிற பைப்பைத் தேடி எடுத்து, வைஸில் பிடித்து, ஹாக்ஸா பிளேடால் முழ நீளத் துண்டுகளாக அறுத்தது. டயர் மாற்றும் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"கம்பெனி சாமான அறுக்கிற. கேட்டா இன்னா சொல்லுவ?" என்றார் அவர்களில் பெரிய உடம்புக்காரர்.

"நான்தான் அறுத்தேன்னு சொல்லுவேன்."

அவர் ரெஞ்சை வாங்கி ஒரு நட்டில் மாட்டி இழுத்தார். சத்தம் வந்தது. நம்பிக்கையில்லாமல் இன்னும் ஓர் இழுப்பு இழுக்கப் போனார். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "போதும்னு சொல்லுதுண்ணா. கேளு." முறைத்தார். பிறகு எதிர் நட்டுக்கு மாற்றினார். ஒரு மாதத்தில் அவரே மற்றவர்களை அதட்டினார்.

எல்லை முடிவானபோது திருத்தணி மதராஸுக்குப் போயிற்று, எங்கள் ஊர் ஆந்திராவுக்கு வந்தது. சொந்தக்காரர்கள் சிலர் திருவள்ளூர்ப் பக்கம் வந்துவிடச் சொன்னார்கள். நான் சித்தூரிலேயே இருந்துகொண்டு, இரும்புக்கடைப் பலகையைப் பார்த்துப் பார்த்துத் தெலுங்கு எழுத்து கற்றேன். வேலைப் புத்தகத்தில் எந்தச் சக்கரம், யார் மாட்டியது, எத்தனை நட்டு என்று நானே தெலுங்கில் எழுத ஆரம்பித்தேன்.

சக்கரம் மாட்டிய வண்டியில் நானும் பலமனேர்வரை போவேன். அத்தனை மைல் ஓடியதும் நட்டுகள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். மறுபடி ஒருதரம் பார்க்க வேண்டும். ஒருமுறை அங்கே பஸ் ஸ்டாண்டில், எல்லை அளக்க வந்திருந்த ஒரு அதிகாரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"கால் மணி நேரமா நிக்குது. எனக்கு பெங்களூர்ல மீட்டிங். யாருய்யா நீ, வண்டிய எடுக்கச் சொல்லு."

"ரெண்டு சக்கரம் முடிஞ்சுது சார். இன்னும் ரெண்டு கீது. எறங்கி நெழல்ல நில்லுங்க."

"எழுதிப் போட்டுடுவேன், தெரியுமா?"

"போடுங்க. எந்த பாஷையில போட்டாலும் படிச்சுப்பேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த சக்கரத்துக்குக் குனிந்தேன்.