நரிக்கு வந்த கட்டி

கொரோனா முடிந்து வெள்ளைக்காரர்கள் மறுபடியும் வரத் தொடங்கியிருந்த நேரம். உப்புவெளிக் கடற்கரையோர விடுதி ஒன்றில் நான் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விடுதியின் பின்வளவில், கம்பிவலைக் கூட்டுக்குள் ஒரு நரி இருந்தது.

குட்டியாக இருந்தபோது நிலாவெளி வீதியில் ஏதோ வாகனம் அடித்துப் போட்டிருந்ததாம். விடுதி முதலாளி தூக்கி வந்து காப்பாற்றியிருக்கிறார். ஒரு கண் போய்விட்டதால் காட்டில் பிழைக்காது என்று, வனவிலங்கு அதிகாரிகளும் அங்கேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். மீன் தலையும் கோழிக் கழிவும் போடுவது என் வேலை. அதன்மேல் எனக்குப் பெரிய பாசம் என்று சொல்ல முடியாது. நாயைப் போல் வாலாட்டிக்கொண்டு வராது. மூலையில் நின்று பார்த்துவிட்டு, நான் விலகிய பிறகுதான் தின்னும்.

ஒருநாள் அதன் காதடியில் ஒரு கட்டியைக் கண்டேன். முடி உதிர்ந்து, சிவந்து, பொத்தான் வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. கிழமைக்குக் கிழமை பெருத்தது. தங்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். புற்றுநோய்தான் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். அதிகாரிகளுக்கு அறிவித்ததில் ஒரு மிருக வைத்தியரை அனுப்பினார்கள். கிண்ணியாவைச் சேர்ந்த இளம் பெண்.

"வேதனைப்படாமல் ஊசியைப் போட்டு முடிச்சு விடுங்கோ டொக்டர்" என்றார் முதலாளி. சொல்லும்போது அவர் கூட்டின் பக்கம் திரும்பவில்லை.

டொக்டர் நரியை மயக்கி, கட்டியைத் தடவிப் பார்த்து, அதில் கொஞ்சம் வெட்டி ஒரு போத்தலில் போட்டார்.

"அவசரப்படாதீங்க. நாய், நரிக்கு வாற கட்டியில சிலது தானாவே மறைஞ்சு போகும். சிலது நோகாம, சின்னனா இருந்துகொண்டே உயிரை எடுத்துப்போடும். கண்ணால பார்த்துச் சொல்ல ஏலாது. சோதிச்ச முடிவு வரட்டும்."

நான் பக்கத்தில் தண்ணீர் வாளியுடன் நின்றுகொண்டிருந்தேன். நோகாமல் என்ற சொல் எனக்குள் என்னவோ செய்தது. என் இடது குதிக்காலில் ஒரு கறுப்புத் தழும்பு இருந்தது. ஏதோ முள் குத்திய இடம் என்று நினைத்திருந்தேன். வரவர அகன்றுகொண்டு வந்தது. நோவில்லாததால் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

முதலாளி போனதும், டொக்டர் குழாயடியில் கை கழுவினார். மிருக வைத்தியரிடம் இதையெல்லாம் கேட்பதா என்று வெட்கமாக இருந்தது. குசினி அடுப்பின் பக்கம் திரும்பிவிட்டு, மறுபடியும் வந்தேன்.

"டொக்டர், மனுசருக்கும் அப்படி நோகாமல் வருமோ?"

"இது தொத்தாது அக்கா, பயப்படாதீங்க."

"தொத்துறதைக் கேக்கேல்ல" என்றேன். மிச்சத்தைச் சொல்லாமல் இடது காலைச் சற்று முன்னால் நீட்டினேன்.

அவர் குழாயை மூடினார். ஒரு கதிரையை இழுத்து என்னை இருக்கச் சொல்லிவிட்டு, மணலில் குந்தியிருந்து என் காலைக் கையில் எடுத்துப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"நான் மனுசருக்கு வைத்தியம் செய்யிற ஆள் இல்ல. ஆனா இது நரியிட காலா இருந்திருந்தா, இண்டைக்கே கொஞ்சம் வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருப்பன். செருப்பைப் போடுங்க, போவம்."

அவரே தன் வாகனத்தில் என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இன்னும் சமையல் முடியவில்லை என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவேயில்லை. தோல் கிளினிக்கில் என்னை ஒப்படைத்து, உள்ளே போய் ஏதோ கதைத்துவிட்டுத்தான் போனார்.

நரியின் பரிசோதனை முடிவு முதலில் வந்தது. பயப்படும்படி ஒன்றுமில்லை. அந்தக் கட்டி காய்ந்து, பொருக்குத் தட்டி, ஒருநாள் உதிர்ந்தே போனது. என்னுடையது அப்படியில்லை. தோல் புற்றுநோய் என்றார்கள். ஆழமாகப் போவதற்குள் பிடித்துவிட்டதாகவும் சொன்னார்கள். குதிக்காலில் ஒரு பகுதியை வெட்டி, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். ஆறி எழும்பி நடக்கக் கன மாதம் எடுத்தது. இன்றுவரை கிளினிக்குக்குப் போய் வருகிறேன், நோய் திரும்ப வரவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று நரிக்கு மீன் தலை போட்டேன். அது வழக்கம்போல் நான் விலகும்வரை காத்து நின்றது.

அந்த டொக்டரை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் கண்டேன். நன்றி சொல்லத் தொடங்கியதும், "கேட்டது நீங்கதானே அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாதியில் நின்றுபோன என் கேள்வியை அவர் விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டதால்தான் நான் இருக்கிறேன். அதனால், யாராவது தயங்கித் தயங்கி என்னிடம் ஏதும் கேட்க வந்தால், செய்கிற வேலையை நிறுத்திவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன்.