பலகையில் எங்கள் காம்பரா

டிஸ்பென்சரியின் உள்சுவரில் அந்தப் பலகையை மாட்டிய நாளிலிருந்து தேயிலைத் தோட்டத்து ஆட்கள் நாங்கள் குடியிருந்த லயத்தில் யாருக்கும் நிம்மதி இல்லை. தேயிலைப் பெட்டியிலிருந்து கழற்றிய பலகைதான். அதில் நீலப் பென்சிலால் நீள நீளமாக மூன்று லயங்களும், ஒவ்வொன்றுக்குள்ளும் கட்டம் கட்டமாக ஒற்றை அறைக் காம்பராக்களும் வரைந்திருந்தார்கள். பக்கத்தில் இரண்டு வட்டங்கள். சில கட்டங்களுக்குள் சிவப்பு மஞ்சாடி விதைகளைப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். எழுத்து என்று ஒன்றும் கிடையாது. இருந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டோம்.

இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த காலம் அது. ஹட்டனிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்து, காம்பரா காம்பராவாக ஏறி, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் போன கையோடு, மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரி ஐயாவும் வந்து அதையே கேட்டார். யாருக்கெல்லாம் வயிறு சரியில்லை என்றும் கேட்டார். மழைக்காலத்தில் வயிற்றுக்கோளாறு எப்போதும் வருவதுதானே. அந்தக் கேள்வியை யாரும் பொருட்படுத்தவில்லை. தலையை எண்ணினார்கள் என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் என்பதால், பலகையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள். பேக்டரிக்குப் போகும் வழியில் ஜன்னலோரமாக நின்று, நடு லயத்தில் எங்கள் கட்டத்தைத் தேடிப் பிடித்தேன். மூன்று விதைகள் இருந்தன. நான், மனைவி, பெண்பிள்ளைகள் இருவர் என்று எங்கள் காம்பராவில் நாங்கள் நான்கு பேர்.

சாயங்காலம் இஸ்தோப்புத் திண்ணையில் பக்கத்துக் காம்பராக்காரர் காத்திருந்தார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், எனக்கு மாமன் முறை.

"செவப்புன்னா இந்தியாவுக்குக் கப்பல்னு அர்த்தம்" என்றார்.

"இங்கயே இருக்கச் சொன்னவங்களுக்குச் செவப்புன்னு இருக்கக்கூடாதா, மாமா?"

"நெழல் மரத்துல எதுக்குச் செவப்பு அடிக்கிறான்? வெட்டுறதுக்குத்தானே."

"அந்த ரெண்டு வட்டம்?"

"லொறி வந்து நிக்கிற எடம்" என்றார் தயங்காமல். பிறகு குரலை இறக்கி, "எங்க கட்டத்துல எத்தனை?" என்று கேட்டார்.

"ஒண்ணு."

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, "ஒண்ணுன்னா அது இவருதான். நான் கால நீட்டிப் படுப்பேன்" என்றார். மாமா சிரிக்கவில்லை.

எனக்கும் சிரிப்பு வரவில்லை. நான் இந்தியாவில் பிறந்து, அம்மா இடுப்பில் இருந்தபடி கப்பலில் வந்தவன். மனைவியும் பிள்ளைகளும் இதே தோட்டத்தில் பிறந்தவர்கள். சிவப்பு என்றால் போகவேண்டும் என்பதோ இருக்கலாம் என்பதோ, எப்படிப் பார்த்தாலும் அந்த மூன்றில் சேராமல் தனியாக நிற்பவன் நான்தான் என்று பட்டது.

"அந்த ஐயாகிட்டயே கேட்டுருங்களேன்" என்றாள் மனைவி.

கேட்கிறேன் என்றேன். மறுநாளும் ஜன்னலோரம் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்ததும், "ஒண்ணுமில்லைங்க" என்று நகர்ந்துவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் அவர், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் பலகையைக் காட்டி, நடு லயத்தின் மேல் விரலால் தட்டித் தட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. நின்றதாகத்தான் எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பேக்டரி இல்லை, வீட்டிலேயே இருந்தேன். அதற்கடுத்த நாள் எனக்கும் வயிறு கலங்கிவிட்டது. டிஸ்பென்சரி ஐயா மருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, எந்த லயம், எந்தக் காம்பரா என்று கேட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் எங்கள் கட்டத்தில் நான்கு விதைகள்.

வீட்டுக்கு வந்து, "நாலாயிருச்சு" என்றேன்.

மனைவி அடுப்பிலிருந்து நிமிர்ந்தாள். "நெசமாவா?"

"என் கண்ணால பாத்தேன்."

"அப்ப போனாலும் நாலு பேரும் போவோம், இருந்தாலும் நாலு பேரும் இருப்போம்" என்றவள், என் சாயத்தண்ணியில் இன்னொரு கரண்டி சீனி போட்டாள்.

அந்த வாரமே டிஸ்பென்சரி ஐயா பலகையைப் பெரட்டுக்குத் தூக்கிவந்து, வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற எல்லோரும் பார்க்கும்படி பிடித்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஒரு விதை எண்டால் வயித்தோட்டம் வந்த ஒரு ஆள். மேல் லயத்தில ஒண்டுகூட இல்லை, பாத்தியளே? அவை தண்ணி பிடிக்கிறது மேல் பீலியில. நீங்கள் பிடிக்கிறது கீழ்ப் பீலியில. இந்த ரெண்டு வட்டமும் அந்த ரெண்டு பீலியும்தான். கீழ்ப் பீலித் தண்ணி கூடாது, அதாலதான் வருத்தம் வருது."

பிறகு என்னைக் காட்டி, "இவன் பகல் முழுக்க பேக்டரித் தண்ணி குடிக்கிறவன். அதுதான் இவனுக்குப் பிந்தி வந்தது" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாமா என் காதருகே, "பீலிய அடைக்கிறதுக்கு ஆள எதுக்கு எண்ணுறான்?" என்றார்.

ஓடைத் தண்ணீர் விழும் கீழ்ப் பீலியை அடைத்தார்கள். நோயும் குறைந்தது. குணமானவர்களின் விதைகளை ஐயா ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஆனாலும் லயத்தில் பேச்சு ஓயவில்லை. பலகை துரை பங்களாவுக்கு ஒருநாள் போய்த் திரும்பியதாம், போனது எதற்கு என்றார்கள்.

ஒரு காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் கட்டத்தில் மூன்று விதைகளைக் காணவில்லை. ஒன்று மட்டும் இருந்தது. கடைசியாக நோயில் படுத்தவன் நான், அதனால் அது என்னுடையது. பெரட்டில் சொன்ன விளக்கத்தை என் காதால் கேட்டவன்தான். இருந்தும் அந்த ஒற்றைச் சிவப்பைப் பார்த்ததும் அங்கே நிற்க முடியவில்லை. யாரும் கூப்பிடாமல் நானாக உள்ளே போனேன்.

"ஐயா, எனக்குச் சொகமாயிருச்சுங்க. அத எடுத்துருங்க."

"எடுப்பம், எடுப்பம். இப்ப என்ன அவசரம்?"

"இப்பவே எடுங்க, ஐயா."

அவர் சின்னக் கத்தியை எடுத்தார். அதன் முனையால் நெம்பினார். கீழே விழுந்த விதையைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மனைவி அதை வாங்கி உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தாள், அடுப்புக்குள் போட்டாள்.

"ஒட்டுன எடத்துல பசை இருக்குதா?"

"இருக்கு. நாலு எடத்துலயும் தடம் தெரியுது."

"நாலுலயும் தெரியுதில்ல, அது போதும்" என்றாள். எங்கள் மனுவுக்கு அதுவரை பதில் வந்திருக்கவில்லை.