பம்பரம் வக்கீலும் தறி மேஸ்திரியும்

அந்த வக்கீலம்மாவுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. குறுக்கு விசாரணை என்றால் சாட்சிக் கூண்டுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருப்பார். நீதிமன்ற வளாகம் முழுக்க அவருக்குப் பம்பரம் என்றுதான் பெயர். "உனக்கு நாற்காலி வாங்கினது தண்டச் செலவு" என்று கணவர் கிண்டல் செய்தால், சிரித்துக்கொண்டே நின்றபடி சாப்பிட்டு முடிப்பார்.

பதினாறு வயதுப் பெண் ஒருத்தி மேல் போடப்பட்ட கொலை வழக்கு வந்த பிறகு சிரிப்பும் போனது, தூக்கமும் போனது. கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்த பெண் அவள். வீட்டின் உரிமையாளர் மாடியறையில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். தண்ணீரை ஏன் அடைத்தீர்கள் என்று கேட்க அன்று மாடிக்குப் போனதாகவும், கதவைத் தட்டியும் திறக்காததால் திரும்பிவிட்டதாகவும் அவள் சொன்னாள்.

"நான் உள்ளயே போகலக்கா. நீங்களாவது நம்புறீங்களா?"

வக்கீலம்மா நம்பினார். ஆனால் அந்த நம்பிக்கையை நீதிபதி முன்னால் எடுத்து வைக்க முடியாதே. எதிரே இருந்த சாட்சியோ பக்கத்துத் தறிக்கூடத்தின் மேஸ்திரி. யார் வம்புக்கும் போகாத மனிதர். உரிமையாளரைப் பார்க்கப் போனபோது கதவு மூடியிருந்தது, உள்ளே அந்தப் பெண் "உன்னைத் தீர்த்துக்கட்டாம விடமாட்டேன்" என்று கத்தினாள், தன் காதால் கேட்டேன் என்றார். பொய்யனாக இருந்தால் மடக்கிவிடலாம். இவர் நல்லவர்.

விசாரணையன்று எப்படிக் கேட்டும் மேஸ்திரி அசையவில்லை. வக்கீலம்மா ஜன்னல் பக்கம் போய், தெருவைப் பார்த்தபடியே, அப்போது தறி ஓடியதா என்று கேட்டார். பதில் இல்லை. பதில் சொல்லச் சொல்லி நீதிபதி கடிந்துகொண்டதும், மறுபடி கேட்கச் சொல்லுங்கள் என்றார் மேஸ்திரி. வக்கீலம்மா திரும்பி நின்று கேட்டார். உடனே பதில் வந்தது.

வக்கீலம்மாவுக்குச் சுரீரென்றது. அவருடைய அம்மாவும் தறியில் வேலை பார்த்தவர்தான். "மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் பேசாதடி" என்று நாளெல்லாம் திட்டுவார். மரியாதைக்காகத் திட்டுகிறார் என்றே வக்கீலம்மா சின்ன வயதில் நினைத்திருந்தார். தறிச் சத்தத்தில் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அந்த இடத்தில் கண் வந்து உட்கார்ந்துகொள்ளும். உதட்டைப் பார்த்துவிட்டு, காதில் விழுந்தது என்றே அவர்கள் சொல்வார்கள். அது பொய்யல்ல, அவர்களுக்கே வித்தியாசம் தெரியாது.

வக்கீலம்மா வழக்குக் கோப்பைப் படிப்பதுபோல வாயை மறைத்துக்கொண்டு, உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். மேஸ்திரி அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார். அறையே பார்த்தது.

கோப்பை இறக்கினார். "அண்ணா, இப்ப உங்க பேரைக் கேட்டேன். மூடின கதவுக்குப் பின்னால இருந்தவங்க உதட்டை எப்படிப் பார்த்தீங்க?"

மேஸ்திரியின் முகம் வெளுத்தது. "சண்டை நடந்துச்சுன்னு தெருவே சொல்லிச்சு. போலீஸும் கேட்டாங்க. எனக்கும் கேட்ட மாதிரியே இருந்துச்சும்மா. ஆனா நான் படிக்குக் கீழ நின்னப்ப, அந்தப் பொண்ணு இறங்கும்போது என்னமோ முணுமுணுத்தா. அதை நல்லாப் பார்த்தேன்."

பதில் தெரியாத கேள்வியைக் கேட்கக்கூடாது என்பது வக்கீல் தொழிலின் அரிச்சுவடி. ஆனாலும் வக்கீலம்மா கேட்டே விட்டார். "என்ன முணுமுணுத்தா?"

"'எவ்வளவு தட்டினாலும் திறக்கல, நாளைக்கு வரேன்'னு."

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று நீதிபதி கேட்டார். யாரும் கேட்கவில்லை என்றார் மேஸ்திரி.

பெண் விடுதலையானாள். அவளும் அவள் அம்மாவும் வாசலில் கட்டிக்கொண்டு அழுதார்கள். மேஸ்திரி அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரோரமாக நின்றார். வக்கீலம்மா சுற்றிப் போய் அவர் முகத்துக்கு எதிரே நின்று நன்றி சொன்னார்.

"காது போச்சுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு. இனி என்னை வேலைக்கு வெச்சுப்பாங்களாம்மா?"

"தெரியலண்ணா" என்றார் வக்கீலம்மா, அவருக்குப் புரியும்படி மெதுவாக.