காண்ட்ராக்ட்டும் கதண்டும்

பூச்சி மருந்து அடிக்கிற தொழில்ல, பூச்சி கொட்டி அழுதவங்களை விட வீட்டுக்காரங்க பேச்சைக் கேட்டு அழுதவங்கதான் ஜாஸ்தி. கேஸ் அடுப்பு ரிப்பேர் பாக்கறவங்க, தண்ணி மிஷின் சர்வீஸுக்குப் போறவங்க, ஏசி கழட்டி மாட்டறவங்க, அடுத்தவங்க வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள போயி வேலை பாக்குற என் இனமே, இது உங்களுக்குத்தான்.

நான் ஸ்டெல்லா. நெய்வேலி டவுன்ஷிப்புல குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸா போயி கரையான், கரப்பான், குளவின்னு எல்லாத்துக்கும் மருந்து அடிக்கிறேன். கூட வேலை பாக்குறது காடாம்புலியூர் ராஜாக்கண்ணு அண்ணன். ஏணில ஏறி வேலை பாக்குறது அவரு, கீழ நின்னு வாயால வேலை பாக்குறது நானு. ரெண்டு பேருமே காண்ட்ராக்ட்டு. வெளியூர்க்காரங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன்: எங்க ஊர்ல மனுஷங்க ரெண்டே ஜாதி, பெர்மனென்ட், காண்ட்ராக்ட். பொண்ணு பாக்க வந்தா ஜாதகத்தைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி, பையன் பெர்மனென்டான்னுதான் கேப்பாங்க.

பாவம் இல்லாத மருந்து

ஒரு நாள் காலையில கலாவதி மேடம் போன் பண்ணாங்க. சன்ஷேடுக்கு அடியில குளவி கூடு கட்டியிருக்காம், உடனே வரணுமாம். மண்கூடா, காகிதம் மாதிரி இருக்கிற கூடான்னு கேட்டேன். "பக்கத்துல போயி பாத்தா கொட்டாதா?"ன்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க. சரி, வீட்டுல செல்லப் பிராணி ஏதாச்சும் இருக்கான்னேன். அவ்ளோதான். டைகர்னு ஒரு லேப்ரடார், அதுக்குத் தும்மல் வரும். ராணின்னு ஒரு பூனை, அதுக்குக் கோவம் வரும். நாலு லவ் பேர்ட்ஸ், ஒரு மீன் தொட்டி. எதுக்கும் மருந்து வாசனை படக் கூடாது. ஆனா குளவி மட்டும் போயிடணும்.

பூனைக்கும் மீனுக்கும் இந்த மருந்து ஆகாது, ரூம்ல வெச்சுப் பூட்டி, தொட்டியை மூடி, காத்து மோட்டாரை நிறுத்திடலாம்னு பொறுமையா சொன்னேன். அது பிரச்சினை இல்லையாம். அவங்க மாசா மாசம் வடலூருக்குச் சோதி பாக்கப் போறவங்க, உயிர்க்கொலை ஆகாதாம். அப்ப என்னதாம்மா பண்ணணும்னு கேட்டேன். ரொம்ப நிதானமா சொன்னாங்க: "குளவி சாகணும் ஸ்டெல்லா, ஆனா நமக்குப் பாவம் சேரக் கூடாது. அந்த மாதிரி மருந்து ஏதாச்சும் வெச்சிருக்கியா?"

டிரான்ஸ்ஃபர் ஆர்டர்

போனோம். சன்ஷேடு கூட்டைக் காட்டறதுக்கு முன்னாடி என்னைக் கையைப் புடிச்சு பூஜை ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க மேடம். காலண்டருக்குப் பின்னாடி கட்டைவிரல் அளவுக்கு ஒரு மண்கூடு. "இதைத் தொட்டே, எனக்குக் கெட்ட கோவம் வரும்"னாங்க. குளவி வீட்டுக்குள்ள மண்ணு வெச்சுக் கட்டினா வீட்டுல புள்ளை பொறக்கும்ங்கறது நம்ம பக்கத்து நம்பிக்கைதானே. மேடத்துக்கு ஒரே பொண்ணு, கல்யாணம் ஆயி பெங்களூர்ல இருக்கு, இன்னும் விசேஷம் இல்லை. ஆக, வெளிய இருக்கிற குளவிக்கு மருந்து, உள்ள இருக்கிற குளவிக்கு மஞ்சள் குங்குமம்.

அந்த நேரம் பார்த்து அவங்க வீட்டுக்காரர் தணிகாசலம் சார் நைட் ஷிப்ட் முடிச்சு வந்தாரு. நிலக்கரி மைன்ஸ்ல போர்மேன். ஹெல்மெட்டைக் கழட்டி ஆணில மாட்டிட்டு கூட்டை ஒரு பார்வை பார்த்தாரு. "பொண்ணு இருக்கிறது பெங்களூர்ல, குளவி கட்டறது நெய்வேலில. டிரான்ஸ்ஃபர் ஆர்டர் எப்படிடி போய்ச் சேரும்?"

உசுரு கணக்கு

எங்க வேலையில ஒரு வழக்கம் உண்டு. மருந்து டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கிற உசுரு எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுவோம். ஒண்ணு விட்டுப் போனாலும் பழி எங்க மேலதான் விழும். மேடம் சொல்லச் சொல்ல நானும் விரலை மடக்கினேன். டைகர், ராணி, லவ் பேர்ட்ஸ், மீனு, முடிஞ்சுது. பின்கதவைத் திறந்தா சாக்கு மேல ஒரு செவலை நாய், காது ஒண்ணு கிழிஞ்சது, எங்களைப் பார்த்து வாலாட்டிட்டு உக்காந்திருக்கு.

"இது?"ன்னேன். அது அவங்களது இல்லையாம். காலையில இங்க மீந்த இட்லி, மத்தியானம் எதிர் வீட்டுல சோறு, ராத்திரி பூரா இந்த வீட்டுக்குக் காவல். திருடன் வந்தா குலைக்கிறது இது, அந்தச் சத்தத்துல தூக்கம் கெட்டுப் போச்சேன்னு சலிச்சுக்கறது டைகரு. பேரு என்னன்னு கேட்டாரு ராஜாக்கண்ணு அண்ணன். சார் சிரிச்சாரு. "டைகர் பெர்மனென்ட். இது பேரே காண்ட்ராக்ட். வேலை இருந்தா வரும், இல்லாட்டி போயிடும், நமக்கு ஒரு பொறுப்பும் கிடையாது பாருங்க!"

சேஃப்டி ஃபர்ஸ்ட்

சன்ஷேடு கூட்டை எடுக்கிறது பத்து நிமிஷ வேலை, முடிச்சுட்டோம். ஏணியை மடக்கறப்பதான் பின்பக்கத்துப் பலா மரத்தைப் பார்த்தாரு அண்ணன். இலைக்குள்ள குடம் மாதிரி ஒண்ணு தொங்குது. "யம்மாடி! தங்கச்சி, இது குளவி இல்ல, கதண்டு! சத்தம் போடாம வந்துகினே இரு"ன்னு என்னை இழுத்துட்டு வந்துட்டாரு. கதண்டு விளையாட்டு இல்லீங்க. கூட்டமா வந்து மொய்ச்சுதுன்னா ஆளே காலி. பொழுது சாயணும், எல்லாம் கூட்டுக்குள்ள அடங்கணும், அப்புறம்தான் கிட்ட போகணும். நாளைக்குச் சாயங்காலம் வர்றோம், அதுவரைக்கும் யாரும் மரத்துப் பக்கம் போகக் கூடாது, புகை போடக் கூடாது, இருக்கிற உசுரையெல்லாம் பத்திரமா கட்டி வைங்கன்னு சொன்னேன்.

நான் சொன்னது என்ன, மேடத்துக்குப் புரிஞ்சது என்ன! டைகரையும் ராணியையும் பெட்ரூம்ல வெச்சாங்க. காண்ட்ராக்ட் வீட்டுக்குள்ள நுழையக் கூடாதுன்னு, டைகரோட பழைய கயிறு போட்டு வெளிய இருக்கிற குழாயில கட்டினாங்க. அந்தக் குழாய் எங்க இருக்கு? பலா மரத்துக்கு நேர் கீழ. அதுவும் பாவம், முதல் தடவையா கழுத்துல கயிறு விழுந்துச்சே, நம்மளையும் சேர்த்துக்கிட்டாங்கன்னு வாலாட்டியிருக்கும். எனக்கு இதெல்லாம் அப்புறம்தான் தெரிஞ்சுது.

மறுநாள் சாருக்கு லீவு. சாயங்காலம் வரைக்கும் பொறுக்க முடியலை. மைன்ஸையே பார்த்த ஆளு, ஒரு கூட்டுக்குப் பயப்படுவாரா? தலையில ஹெல்மெட், மேல பளபளக்கிற சேஃப்டி கோட்டு, கால்ல சேஃப்டி ஷூ. கையில மட்டும் சேஃப்டி இல்லை. பண்ருட்டியில வாங்கி வெச்ச முந்திரி ஓட்டை இரும்புச் சட்டியில கொளுத்தி மரத்தடியில வெச்சாரு. முந்திரி ஓட்டுப் புகை மனுஷனுக்கே நெஞ்சை அடைக்கும், கதண்டு சும்மா இருக்குமா? மொத்தமா இறங்கிடுச்சு. சார் கன்னத்துலயும் உதட்டுலயும் வாங்கிட்டு உள்ள ஓடி கதவைச் சாத்திட்டாரு. கட்டிப் போட்டது எங்க ஓடும்?

மேடம் போன்ல அழுதாங்க. பின்னாடி அது ஊளையிடற சத்தம் எனக்கே கேட்டுது. வண்டியை முறுக்கிட்டுப் போனோம். அண்ணன் வலை போட்ட கோட்டை மாட்டிட்டுப் பாய்ஞ்சாரு. கயிறை அறுத்து, சாக்குல சுத்தி, தூக்கிட்டு வந்தாரு. மூஞ்சி கண்ணு தெரியாம வீங்கிக் கிடந்துச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அந்த முந்திரிச் சட்டியைத் தூக்கி ஜன்னல்ல அடிச்சிருப்பேன். அந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னாடி, பணியாரம் மாதிரி உப்பின உதட்டோட நின்னுக்கிட்டு சார் கேக்கறாரு: "என்ன ஸ்டெல்லா, ஸ்பாட்டுக்கு வர இவ்ளோ லேட்டு?"

ஓனர் யாரு?

மாட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். ஸ்கூட்டியில என் முதுகுக்கும் அண்ணன் நெஞ்சுக்கும் நடுவுல அது. மூச்சு இருக்கான்னு அண்ணனைக் கேட்டுக்கிட்டே ஓட்டினேன். அங்க இருந்த கம்பவுண்டர் நாய் பேரு என்னன்னாரு. காண்ட்ராக்ட்னேன். ஓனர் பேருன்னாரு. நான் அண்ணனைப் பார்த்தேன், அண்ணன் தரையைப் பார்த்தாரு.

அதுக்குள்ள ஆட்டோவுல மேடமும் சாரும் வந்து இறங்கினாங்க. மேடம் கையில டைகரோட போர்வை. கம்பவுண்டர் அவங்களைப் பார்த்து, ஓனர் நீங்களான்னாரு. மேடம் போர்வையை இன்னும் சின்னதா மடிச்சாங்க. சார் சுவத்துல இருந்த மாட்டுப் படத்தைப் பார்த்தாரு. அதுவரைக்கும் யாரையும் எதிர்த்துப் பேசாத மனுஷன் ராஜாக்கண்ணு அண்ணன், குரல் உடைஞ்சு கத்திட்டாரு: "ராப்பூரா உங்க வூட்டைக் காத்துகினு இருந்திச்சேங்க! காண்ட்ராக்ட்டுன்னா கொட்டுனா வலிக்காதா?"

எல்லாரும் காத்திருந்தது

"எங்க வீட்டு நாய்தான்"னு மேடம் சொன்னது காதுல விழுற அளவுக்குக் கூட இல்லை. ஆனா சொன்னாங்க. டாக்டர் ஊசி போட்டாரு, டிரிப்ஸ் ஏத்தினாரு. விஷம் சிறுநீரகத்துக்குப் போயிருக்கலாம், பொழுது சாயறதுக்குள்ள ஒண்ணுக்குப் போச்சுன்னா பொழைச்சுக்கும், இல்லைன்னா என்கிட்ட கேக்காதீங்கன்னுட்டாரு.

பாருங்க எங்க நிலைமையை. ஒரு போர்மேன், அவரு சம்சாரம், பூச்சி மருந்துக்காரங்க ரெண்டு பேரு, ஒரு தெரு நாய் ஒண்ணுக்குப் போகணும்னு வேப்ப மரத்தடியில உக்காந்திருக்கோம். நான் ஜெபமாலையை உருட்டறேன், மேடம் "அருட்பெருஞ்சோதி"ங்கறாங்க. தண்ணி காட்டினோம், நக்குச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லை. எனக்கு அழுகையே வந்துடுச்சு, மறைக்கல. வெயில் இறங்கறப்ப அது தள்ளாடி எழுந்துச்சு. நாலடி நடந்து, சார் பக்கத்துல போயி, அவரோட சேஃப்டி ஷூ மேலயே காலைத் தூக்குச்சு. நான் விரட்டப் போனேன். சார் சிலை மாதிரி நின்னுக்கிட்டு, வீங்கின வாயாலயே அதட்டினாரு: "யாரும் கிட்ட வராதீங்க, முழுசா போகட்டும்!"

பாவக் கணக்கு

அன்னிக்குச் சாயங்காலமே கதண்டுக் கூட்டுக்கு ஏணி போட்டோம். அண்ணன் பாதி ஏறிட்டாரு. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாம, "மேடம், உயிர்க்கொலை ஆகாதுன்னீங்களே, கூட்டை அப்படியே பேத்து வேற எங்கயாச்சும் விட்டுடலாமா?"ன்னு கேட்டேன். மேடம் முந்தானையை இழுத்துச் சொருகினாங்க. "ஒண்ணு மிச்சம் வெக்காத, பாவத்தை நான் பாத்துக்கறேன்!"

ஒண்ணு கூடுதல்

கொஞ்ச நாள் கழிச்சு கரப்பான் மருந்துக்கு அதே வீட்டுக்குப் போனோம். வழக்கப்படி உசுரு கணக்கு கேட்டேன். டைகர், ராணி, லவ் பேர்ட்ஸ், மீனு, அதோட காண்ட்ராக்ட்னு அழுத்திச் சொன்னாங்க மேடம். ஐயா எங்க இருக்காருன்னு பார்த்தா ஹால்ல, டைகரோட மெத்தையில. டைகர் தரையில. காண்ட்ராக்ட் கழுத்துல புதுப் பட்டை. பூஜை ரூம் மண்கூடு அப்படியே இருக்கு, பெங்களூர்ல இருந்து இன்னும் தகவல் இல்லை. வீட்டுக்கு வந்த புதுப் புள்ளை இதுதான்னு குளவி கணக்கு முடிச்சுடுச்சான்னு கேட்க நாக்கு துறுதுறுன்னுச்சு, அடக்கிக்கிட்டேன்.

பேரை மாத்தலையான்னு கேட்டேன். ராஜா, சீசர்னு என்னென்னமோ கூப்பிட்டுப் பார்த்தாங்களாம், காண்ட்ராக்ட்னாதான் திரும்புதாம். "பேருதான் காண்ட்ராக்ட், ஆளு பெர்மனென்ட்!"னு மார்தட்டிக்கிட்டாரு சார். ராஜாக்கண்ணு அண்ணன் மருந்து பம்பைத் தோள்ல மாட்டிக்கிட்டே அதையே பார்த்துக்கிட்டு நின்னாரு. படியிறங்கறப்ப மெல்ல என்கிட்ட கேட்டாரு: "எத்தினி கொட்டு வாங்கினா நமக்கும் பெர்மனென்ட் போடுவாங்க தங்கச்சி?"

இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு காண்ட்ராக்ட் பெர்மனென்ட் ஆனதை நான் கண்ணால பார்த்தது அந்த ஒரு தடவைதான், அதுக்கும் நாலு கால் வேண்டியிருந்துச்சு.